ஈரத் துணியும் குன்னூர் மலையும்

குன்னூருக்குப் புறப்படுகிறவர்கள் சாதாரணமாக ஸ்வெட்டரும் கம்பளியும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நாங்கள் இரண்டு பழைய வேஷ்டிக் கிழிசல்களும், ஒரு பித்தளைக் கூஜா நிறையத் தண்ணீரும் எடுத்து வைத்துக்கொண்டோம். குளிரைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. எங்கள் கவலையெல்லாம் காருக்கு வரும் காய்ச்சலைப் பற்றித்தான்.

கார் என் மாமனாருடையது. 1964-ஆம் வருஷத்து வண்டி. 1972-ல் இரண்டாவது கையாக வாங்கினார். என்ன கார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அறுபது வயதுக்கு மேல் மனிதர்களுக்கே வெயில் தாங்குவதில்லை. அதற்காகச் செய்தவர்களின் பெயரைச் சந்திக்கு இழுப்பது நியாயமா? மாமா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் கோயமுத்தூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் கார் ராஜாவைப் போல வீற்றிருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இவர் அதற்கு எண்ணெய் ஸ்நானம் செய்விக்காத குறையாக உபசாரம் செய்வார். அத்தை வாசல் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் பேச மாட்டார்.

இத்தனை உபசாரம் செய்தும் 2025 ஏப்ரலிலிருந்து அதற்கு ஒரு வியாதி வந்து சேர்ந்தது. காலையில் கிளப்பினால் ஜாம் ஜாமென்று கிளம்பும். அரை மணி, முக்கால் மணி நேரம் ஓடும். அப்புறம், கச்சேரியில் தூங்கி வழிகிறவர் தலையைச் சாய்ப்பதுபோல் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிடும். இருபது நிமிஷம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். முதலில் அவினாசி ரோடு நெரிசலில் நின்றது. அடுத்தது பேரூர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது. மூன்றாவது தடவை பழனியிலிருந்து வரும் வழியில், உடுமலைப்பேட்டையைத் தாண்டி, நட்ட நடு வெயிலில்.

"பெட்ரோல் ஆவியாகிறது, வேறொன்றுமில்லை" என்றார் இவர். இது அவராகக் கண்டுபிடித்ததல்ல. பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோருமே சொல்வதுதான். அதில் உண்மையும் இருக்கிறது. இந்தக் கார்களில் பெட்ரோல் பம்பு - ரோட்டோரத்துப் பெட்ரோல் பங்க் அல்ல, டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும் சின்னஞ்சிறு பம்பு - எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. பெட்ரோல் ஒரே சரக்கல்ல, பலவற்றின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரி சூட்டைச் சுற்றியே ஆவியாகத் தொடங்கிவிடும். குழாயில் ஆவி சேர்ந்தால் பம்பு அந்த ஆவியைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேராது. போதாக்குறைக்கு 2025-ல் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால், அதாவது சாராயம். "இந்த வயதில் நம் காருக்குக் குடிப் பழக்கம் வேறு!" என்று சிரித்தார் இவர். பரிகாரம்: பம்பின் மேல் ஈரத் துணி போடுவது. மூன்று தடவையும் போட்டோம். மூன்று தடவையும் இருபது நிமிஷத்தில் கார் கிளம்பிற்று. அப்புறம் ஈரத் துணியின் மகிமையில் சந்தேகம் வருமா?

ஒரு பட்டறையில் பம்பை மாற்றினார்கள். வியாதி தீரவில்லை. எஞ்சினையே பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் இவர் முகம் கறுத்துப் போயிற்று. ராத்திரி சாப்பிடும்போது, "விற்றுவிடலாம்" என்றார். ரசம் பரிமாறிக்கொண்டிருந்த என் கை நின்றது. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்குவதற்கும் ஆள் இருந்தது. அத்தையின் அக்கா குன்னூரில் இருக்கிறார். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒருவருக்குப் பழைய கார் என்றால் உயிர். "வண்டி மலை ஏறி வரட்டும், பார்க்கிறேன்" என்று சொல்லியனுப்பினார். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதுபோல!

"நானும் வருகிறேன். அக்காவைப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்றார் அத்தை. அவ்வளவுதான்.

ஜூலை மாத ஆரம்பம். மழை இரண்டு நாள் விட்டு, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலைப் பொழுது. நீலகிரிக்கு வண்டியில் போகிறவர்கள் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டியிருப்பதால் முதல் நாள் ராத்திரியே இவர் அதைப் பதிவு செய்து வைத்தார். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் ஆகாது; ஆகவேதான் பித்தளைக் கூஜா.

மேட்டுப்பாளையத்தில் டிபனை முடித்துக்கொண்டு பவானிப் பாலத்தைக் கடந்தோம். மழைக்காலமானதால் ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடிற்று. பாலம் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கோத்தகிரிக்கு, மற்றொன்று கல்லாறு வழியாகக் குன்னூருக்கு. ஸீஸன் சமயத்தில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். நாங்கள் போனபோது அந்தக் கெடுபிடி இல்லை.

கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளுக்குள் ரோடு நுழைந்ததும் ஒரு சுகம் தெரிகிறது பாருங்கள், அதற்காகவே ஒரு தரம் போய்வரலாம். கரண்டிக் காம்பு மாதிரி நெட்டுக்கு நெட்டாகப் பாக்கு மரங்கள். தரையில் வெயில் காசு காசாக விழுந்து கிடக்கிறது. கல்லாறு ஸ்டேஷனிலிருந்துதான் மலை ரெயிலுக்குப் பல்சக்கரப் பாதை ஆரம்பம். பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி உயரம் ஏறுகிற பாதை அது. 1899-ல் குன்னூர் வரைக்கும் வந்த ரெயில், 1908-ல் உதகைக்குப் போயிற்று. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் கிடைத்தது. அந்த நீராவி எஞ்சின் வழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் மேலே போகும். அதை யாராவது 'பிரேக் டவுன்' என்கிறார்களா? போட்டோ அல்லவா எடுக்கிறார்கள்! எங்கள் கார் நின்றால் மட்டும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.

அப்படி அடிக்கும் சந்தர்ப்பம் சீக்கிரமே வந்தது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரம் என்றால் குன்னூர் ஆறாயிரம் அடி. இடையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் 14. இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் எஞ்சின் உழைத்துக்கொண்டே இருக்கும். காரோ நடை வேகத்தில் போகும். எஞ்சினுக்கு முகத்தில் காற்றுப் படாது. சூடு ஏறுவதற்குக் கேட்பானேன்? ஒரு வளைவில் திரும்பி நிமிர்வதற்குள் அந்தப் பழகிப் போன விக்கல் கேட்டது. ஒன்று. இரண்டு. அப்புறம் நிசப்தம்.

பின்னால் ஒரு லாரி. இடது பக்கம் பள்ளம். கார் மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. இவர் காலால் பிரேக்கை மிதித்து, கையால் பிரேக்கை இழுத்து, "கல்லுப் போடு! சக்கரத்துக்குக் கல்லுப் போடு!" என்று கத்தினார். நான் எப்படி இறங்கினேன், அந்தக் கல்லை எங்கிருந்து தூக்கினேன் என்பது எனக்கே தெரியாது. வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தவே ஆள் கூப்பிடுகிறவள் நான். லாரிக்காரர் நல்லவர், கிளீனரை இறக்கி, இன்னொரு கல்லும் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை மட்டும் பின் ஸீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் முன் ஸீட்டின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. மாமா ஓட்டும்போது அவர் தோளுக்குப் பின்னால் அத்தையின் கை அந்த இடத்தில்தான் இருக்குமாம்.

துணியை நனைத்தோம். போட்டோம். காத்திருந்தோம். குரங்குகள் பாரப்பெட் சுவரில் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன.

"ஏனப்பா, துணி போடாமல் சும்மா விட்டால் எத்தனை நேரத்தில் கிளம்பும்?" என்று அத்தை திடீரென்று கேட்டார்.

இவர் விழித்தார். "அது... போடாமல் விட்டுப் பார்த்ததில்லையே, அம்மா."

"இல்லை, ஜலதோஷத்துக்கு மருந்து சாப்பிட்டால் ஏழு நாள், சாப்பிடாவிட்டால் ஒரு வாரம் என்று உன் அப்பா சொல்வார். அதுதான் ஞாபகம் வந்தது."

இருபது நிமிஷம் கழித்து வண்டி கிளம்பிற்று. இவருக்கு அத்தையின் கேள்வி பிடிக்கவில்லை என்பது கியர் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

பர்லியாறு ஏறக்குறைய பாதி வழி. ரோட்டோரம் முழுவதும் பழக் கடைகள். இங்கும் கல்லாற்றிலும் உள்ள அரசாங்கப் பழப்பண்ணைகள் பழைய காலத்தவை. சமவெளியில் காணக் கிடைக்காத பழங்களெல்லாம் இங்கே விளைகின்றன. மங்குஸ்தான் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. கத்தரிக்காய் நிறத்தில் தடித்த ஓடு. உடைத்தால் உள்ளே வெள்ளைவெளேரென்று சுளைகள். துரியனும் இருந்தது. குழந்தைப் பாக்கியம் தரும் என்று அதைத் தேடிவந்து வாங்குகிறவர்கள் உண்டு. பாக்கியம் எப்படியோ, அந்த வாசனையை மூடிய காரில் குன்னூர் வரை கொண்டுபோக வேறு பாக்கியம் செய்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், கார் சரியாக அந்தக் கடைகளின் முன்னால்தான் மறுபடியும் நின்றது.

இவர் பானட்டைத் திறந்தார். நான் கூஜாவோடு போனேன். துணியை நனைக்கப் போகையில், "அம்மிணி! தண்ணி ஊத்தாதீங்க! ஆற விட்டுறாதீங்க!" என்று ஒரு குரல்.

பழக் கடைப் பெண்மணியின் தகப்பனாராம். எழுபது வயதிருக்கும். எஸ்டேட் ஜீப்புகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏனுங்க?" என்றேன்.

"ஜுரம் அடிக்கையிலதானுங்க நாடி பார்க்கணும். ஆறின பொறவு பார்த்தா வைத்தியருக்கு என்ன தெரியும்? இப்ப நின்னிருக்குதுல்ல, இப்பவே பார்த்துடணும்."

எனக்குச் சுரீரென்றது. நாலு தடவை கார் நின்றிருக்கிறது. நாலு தடவையும் நாங்கள் முதல் காரியமாக வியாதியின் அடையாளத்தை ஈரத் துணியால் துடைத்து எடுத்திருக்கிறோம்! பட்டறைக்கு அது போய்ச் சேர்ந்தபோதெல்லாம் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து போய்த்தான் சேர்ந்தது.

பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கிழட்டுக் கார் இருக்கலாம். முதலில் ரேடியேட்டரைத் திறக்காமலே சூட்டுமானி முள்ளைப் பார்த்தார், தண்ணீர் கொதிக்கவில்லை. பெட்ரோல் டாங்கி மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்டார். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டிருந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்குமாம். அதனாலும் கார் நிற்குமாம். அந்தச் சத்தம் இல்லை. அடுத்து, கார்புரேட்டர் தலையிலுள்ள காற்று வடிகட்டியைக் கழற்றி, ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் அசைத்து, இவரை உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"என்னங்க தெரியுது?"

"பெட்ரோல் பீச்சுகிறது."

"அப்ப பெட்ரோல் இருக்குதுங்க. ஆவியாப் போயிருந்தா இங்க காஞ்சு கெடக்கும். பாவம், பம்பு மேல பழி போட்டுட்டீங்க."

இவருடைய முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை.

வடிகட்டியைத் திரும்பப் பொருத்தி, சிந்திய பெட்ரோலையெல்லாம் துடைத்த பிறகுதான் பெரியவர் நெருப்புப் பொறியைப் பார்க்கப் போனார். அதில் அவர் கண்டிப்பு. ஒரு பிளக்கின் ஒயரை உருவி, தடித்த உலர்ந்த துணியால் பிடித்து, முனையை எஞ்சினுக்குப் பக்கத்தில் காட்டி, செல்ஃப் போடச் சொன்னார். நீலமாகச் 'சடக் சடக்' என்று குதிக்க வேண்டிய பொறி, மஞ்சளாய், நோஞ்சானாய், வந்தும் வராமலும் மினுக்கிற்று. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மறுபடி செல்ஃப் போடச் சொன்னார். வெளியில் வராத பொறியெல்லாம் அங்கே உள்ளே, 'பாயிண்ட்' என்கிறார்களே அந்த இரண்டு உலோக முனைகளுக்கு நடுவில், சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது!

"கண்டென்ஸருங்க" என்றார் பெரியவர். "காயில் சூடாகிக் கெட்டாலும் இப்படித்தான் நிக்கும். ஆனா பாயிண்ட்ல இத்தனை பொறி வராது."

கண்டென்ஸர் என்பது கட்டை விரல் நுனியளவு ஒரு தகர டப்பி. அதற்குள் மெல்லிய உலோகத் தகட்டையும் காகிதத்தையும் பாய் சுருட்டுவதுபோல் சேர்த்துச் சுருட்டி வைத்திருப்பார்களாம். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் பாயிண்ட் 6000 தடவை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டப் பார்க்கும். கண்டென்ஸர் அதை ஒரு கணம் உள்ளே வாங்கிக்கொண்டு, வெட்டினாற்போல் நிறுத்தும். அப்படி வெட்டி நிறுத்தினால்தான் பாட்டரியின் 12 வோல்ட், காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி, பிளக்கில் பொறியாகும். சூட்டில் கண்டென்ஸர் சோர்ந்தால் பொறியெல்லாம் பாயிண்டிலேயே எரிந்து வீணாகிவிடும். ஆறினால் உயிர் வந்துவிடும். ஏமாற்றுக்கார வியாதி!

"இந்தத் தொந்தரவு எப்ப இருந்துங்க? அதுக்கு முன்னால வண்டில என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லையே. வெயில் காலம் வந்ததும் ஆரம்பித்தது" என்றார் இவர்.

என் கைப்பையில் வீட்டுக் கணக்கு நோட்டு எப்போதும் இருக்கும். இவர் அதைப் பார்த்துச் சிரிக்காத நாளில்லை. பக்கங்களைத் திருப்பினேன். பால், கியாஸ், ஸ்கூல் பீஸ்... மார்ச் மாதம் 19-ஆம் தேதி, என் கையெழுத்திலேயே இருந்தது: 'கார் ஸர்வீஸ். பாயிண்ட், கண்டென்ஸர் புதிது.'

பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைவிட நல்ல மெக்கானிக் வேணுமுங்களா?" என்றார். பழையது எதுவும் கெடாமலே, வழக்கப்படி மாற்ற வேண்டுமென்று மாற்றியிருக்கிறார்கள். புதிதாக வந்தது சொத்தை. வெயிலும் புதுக் கண்டென்ஸரும் ஒரே சமயத்தில் வந்ததால், பழி வெயில் மேல் விழுந்துவிட்டது.

"சரி, இப்போது கண்டென்ஸருக்கு எங்கே போவது? மேட்டுப்பாளையத்துக்கா?" என்று இவர் கைகளைப் பிசைந்தார்.

அப்போதுதான் அத்தை காரை விட்டு இறங்கினார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். மூலையிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். மாமா காலத்து டப்பா. பல்பு, பியூஸ், திருகாணிகள். அவற்றுக்கு நடுவில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஸர்வீஸுக்கு விட்டபோது கழற்றியதைக் கொடுத்தார்கள். தூக்கிப் போடச் சொன்னான் இவன். எனக்கு மனசு வரவில்லை. அவர் போட்ட சாமான் ஆயிற்றே."

பெரியவர் தீய்ந்திருந்த பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தார். இவர் பையிலிருந்த விஸிட்டிங் கார்டு ஒன்றை வாங்கி, இடைவெளிக்குள் செருகி அளவு வைத்தார். பழைய கண்டென்ஸரைத் திருகி முடுக்கினார். எல்லாம் பத்து நிமிஷ வேலை. எஞ்சின் இன்னமும் தொட முடியாமல் கொதித்துக்கொண்டிருந்தது. "போடுங்க" என்றார்.

ஒரே உறுமல். கிளம்பிவிட்டது! ஆறாமலே கிளம்பிற்று என்பதுதான் விசேஷம். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குழந்தை மாதிரி எங்களைப் பார்த்தார். அத்தை மரத்தடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பணத்தைப் பெரியவர் தொடவே இல்லை. அத்தை அவருடைய மகள் கடையில் இரண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கினார். நிறுத்துப் போட்ட பின் அந்தப் பெண் மேலும் நாலைந்து பழங்களைப் போட, அத்தை அதற்கும் காசு எடுக்க, கொஞ்ச நேரம் பெண்கள் சண்டை நடந்தது. புறப்படும்போது பெரியவர், "மேலே ஏறினதும் ஒரு வாட்டி வேணுமின்னே அணைச்சு, ஒடனே போட்டுப் பாருங்க. அதுதானுங்க பரீட்சை" என்றார்.

பர்லியாற்றுக்கு மேலே மலை முகத்தை மாற்றிக்கொள்கிறது. புழுக்கம் போய், காதோரம் சில்லென்று காற்று. பள்ளத்தாக்குக்கு அப்பால் மேகம் பாதி மறைத்த சிகரங்கள். அப்புறம் சரிவு முழுவதும் தேயிலை, யாரோ பச்சைக் கம்பளத்தைக் கத்தரித்து ஒட்டினாற்போல். ஓரிடத்தில் இவர் காரை ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி அணைத்தார். யாரும் மூச்சுவிடவில்லை. எண்ணி ஐந்து விநாடி. மறுபடி திருப்பினார். கிளம்பிற்று! இன்னொரு தரம் அணைத்தார், கிளம்பிற்று. மூன்றாவது தரம் அணைக்கப் போனபோது, "போதும், பாட்டரி தீர்ந்துவிடப் போகிறது" என்றார் அத்தை.

சாயங்காலம் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். காரை மூன்று சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். "சூடானால் நின்றுவிடுமாமே?" என்று கேட்டார். இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார், ஈரத் துணி முதல் பிஸ்கட் டப்பா வரைக்கும். அவர் ஒரு தொகை சொன்னார். குறைந்த தொகையல்ல. இவர் என்னைப் பார்த்தார். நான் சமையலறை வாசலைப் பார்த்தேன்.

அத்தை காப்பித் தட்டோடு வந்தார். "முதலில் காப்பி சாப்பிடுங்கள். மழைக்காலம் முடியட்டும், தீபாவளிக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்றார். எந்த வருஷத்துத் தீபாவளி என்று அவர் சொல்லவில்லை.

அந்த மனிதர் புரிந்துகொண்டு சிரித்தார். காப்பியைக் குடித்துவிட்டு, சற்றுத் தயங்கி, "அந்தப் பெரியவரின் கடை பர்லியாற்றில் எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார். அவருடைய பழைய கார் ஒன்றும் வெயில் நாளில் நின்றுவிடுகிறதாம். அதன் டிக்கியிலும் ஓர் ஈரத் துணி இருக்கிறதாம்.

அன்று ராத்திரி கம்பளிக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். மங்குஸ்தான் 2 கிலோ. டிபன். பெட்ரோல். கண்டென்ஸர், பழையது, செலவு இல்லை. இவர் எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.